அன்னம்மாளின் ஏடு

கற்பிட்டிக் குடாநாட்டில், கடலுக்கும் கடனீரேரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்பரப்பின் மேற்குக் கரையில் இருக்கிறது தலவில. ஆண்டுக்கு இருமுறை, மார்ச் மாதத்திலும் ஜூலை ஆகஸ்டை ஒட்டியும், இச்சிற்றூர் பெருநகராகிவிடும். மன்னாரிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து மரநிழல்களில் கூடாரம் அடித்துத் தங்குவர். ஒரு கூடாரத்தில் சிங்களத்திலும் அடுத்த கூடாரத்தில் தமிழிலும் செபமாலை ஒலிக்கும். இத்தலத்தின் நாயகி புனித அன்னம்மாள். அவள் மரியாளின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. ஆதலால் பிள்ளை வேண்டி வருவோரும், பிள்ளைத்தாய்ச்சியரும், பெற்ற குழந்தையைத் தோளிற் சாய்த்து நேர்த்திக்கடன் தீர்க்க வருவோரும் இங்கே மிகுதி.

மெழுகுதிரி ஏற்றும் அந்தத் தாய்மாரைக் கண்டு நகைக்கும் பகுத்தறிவு எமக்கு இல்லை. கையில் வேறொன்றும் கொடுக்கப்படாதவள் மெழுகுதிரியைத்தான் பிடிப்பாள். வேறொன்றைக் கொடுக்கக் கடமைப்பட்டிருந்தும் கொடாமல் விட்டவர்கள் யார் யார் என்று கேட்டால், அந்த வரிசையில் எமது பெயரும் உண்டு. அதைச் சொல்வதற்காகவே இதனை எழுதுகிறோம்.

2018ஆம் ஆண்டு. நாம் இப்பகுதிப் பாடசாலையொன்றுக்குத் தமிழாசிரியையாக வந்து ஓராண்டு ஆகியிருந்தது. சுகாதாரப் பாடம் கற்பித்தவர் நீண்ட விடுமுறையிற் சென்றமையால், பதினோராந் தர வகுப்பின் அந்தப் பாடவேளைகள் எமக்குக் கிடைத்தன. உணவு, உடற்பயிற்சி, தொற்றுநோய் எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. இனப்பெருக்கச் சுகாதாரம் பற்றிய அத்தியாயம் வந்தது. பின்வரிசைப் பையன்கள் இருவர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தனர். பெண் பிள்ளைகள் தலை குனிந்தனர். எமது முகமும் சூடேறியது. "இது இலகுவான பாடம். வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிப் புத்தகத்தை மூடினோம். எஞ்சிய நேரத்தில் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தைப் பற்றிப் பேசினோம்! ஐந்தாம் மாதத்தில் குழந்தை தலையெடுத்து ஆடுவது செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவது சப்பாணி என்று பருவங்களை அடுக்கி விளக்கினோம். பத்துப் பருவத்தையும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த எமக்கு, அக்குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும் பத்து மாதத்தைப் பற்றி மாணவர் முன் ஒரு வசனம் பேச நா எழவில்லை. பல்கலைக்கழகத்தில் நான்காண்டு படித்த படிப்பின் அழகு அது.

வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள் என்பது எத்தகைய சொல்! வாடியிற் கருவாடு காயப்போடும் தாய்க்கும், விடியற்காலம் வலையோடு திரும்பும் தகப்பனுக்கும் நடுவே, ஒரே அறை வீட்டில், ஒரு பெண் அந்த அத்தியாயத்தை விரித்து வாசிப்பாளா? நாம் அதை நினைக்கவில்லை. நினைக்க விரும்பவுமில்லை.

நான்காண்டு கழிந்து, 2022ஆம் ஆண்டு நடுப்பகுதியில், நாமே எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாய் இருந்தோம். அந்நாட்களை இலங்கையர் எவரும் மறவார். எரிபொருள் நிலையங்களில் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. மருந்துக்கும் பால்மாவுக்கும் பஞ்சம். பெற்றோல் இல்லாமையால் பாடசாலைகளும் இடையிடையே மூடப்பட்டன. எமது துணைவர் கொழும்பிற் பணிபுரிந்தார், தாயார் மன்னாரில். அடுத்த வீட்டு ஆச்சிதான் எமக்கு அரண். கால் வீங்கியது, பின் கையும் வீங்கியது. மோதிரம் கழலவில்லை. ஆச்சி பார்த்துவிட்டு, "பயப்படாத மகள், நீர் எறங்குது. பிள்ளை லேசா வரும்" என்றார். தலையிடித்தது. விடைத்தாள் திருத்தியதால் இடிக்கிறது என்று நாமே எமக்கு வைத்தியம் கூறி, இஞ்சிபோட்ட தேநீர் குடித்துப் படுத்தோம். அது இரண்டு நாள் நீடித்தது.

மூன்றாம் நாள் குடும்பநல மாது வந்தார். ஊரார் அவரை மிஸ் என்பர். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண். தமிழைக் கிணற்றடிகளிற் கற்றவர். அவருடைய ஸ்கூட்டர் எரிபொருளின்றி முடங்கிக் கிடந்தமையால், மகனின் சைக்கிளை மிதித்து மணலில் பாதித் தூரம் உருட்டி வந்திருந்தார். முகத்தைக் கண்டதும் பையைக்கூட இறக்கவில்லை.

"டீச்சர், தலை இடிக்குதா?"

"ஓம். ரெண்டு நாளா."

"கண்ணுக்கு முன்னால மின்னுற மாதிரி இருக்குதா? நெஞ்சுக்குக் கீழ, இந்த வலது பக்கம் வலி?"

இருந்தது. இரவு உண்டது செரிக்கவில்லை என்று எண்ணியிருந்தோம். முழங்காலுக்குக் கீழ் எலும்பின்மேல் பெருவிரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. இரத்த அழுத்தம் 160க்கு 110. சிறுநீரிலும் புரதம் காணப்பட்டது. அவர் வெளியே ஓடினார். கரையிலிருந்து மீன் ஏற்றிப் புத்தளம் புறப்பட இருந்த கூலர் வாகனத்தை மறித்து நிறுத்தினார். சாரதிக்கு அருகில் எம்மை இருத்தி, தாமும் ஏறிக்கொண்டார். ஐஸ் உருகும் மீன் வாடையோடு நாம் வைத்தியசாலைக்குப் போனோம்.

நோயின் பெயர் சூல்வலிப்புக்கு முந்திய நிலை. கருவுக்கு உணவூட்டும் சூல்வித்தகத்தின் இரத்தக் குழாய்கள் உரியவாறு அகன்று அமையாதபோது, அங்கிருந்து எழும் பொருள்கள் தாயின் குழாய்களைப் பாதிக்கின்றன. அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது, ஈரல் வீங்குகிறது, கடைசியில் மூளை தாக்கப்பட்டு வலிப்பு வருகிறது. கருவுற்றவளுக்கு மாலையில் கணுக்கால் வீங்குவது இயல்பே. அந்த அளவில் ஆச்சி சொன்னது பிழையன்று. முகமும் கையும் சடுதியாக வீங்கி, தலையிடியும் கண் மின்னலும் சேர்ந்தால் அது வேறு. தலையிடி இன்றியும் அழுத்தம் ஏறும். 140க்கு 90 என்ற எல்லையைத் தாண்டிவிட்டதா என்பதைக் கருவி ஒன்றே சொல்லும். ஒவ்வொரு சிகிச்சை நாளிலும் கையிற் பட்டி சுற்றி அழுத்தம் பார்ப்பது இதற்காகத்தான். அதை ஒரு சடங்கு என்று நாம் எண்ணியிருந்தோம்.

வலிப்பைத் தடுக்க எமக்கு ஏற்றப்பட்டது மக்னீசியம் சல்பேற்று. 33 நாடுகளில் 10,000க்கு மேற்பட்ட தாய்மாரிடையே நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, அம்மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்குமேல் குறைக்கிறது எனக் காட்டியது. விலை குறைந்த உப்பு மருந்து. பாலாவி உப்பளத்தில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் இருப்பதும் அதே மக்னீசியந்தான். (அந்நீரைக் குடித்துவிடாதீர்கள்! ஊசி மருந்தாக அளவறிந்து ஏற்றுவது வைத்தியர் வேலை.) ஆனால் நோய் தீர வழி ஒன்றே: பிள்ளை பிறக்க வேண்டும், சூல்வித்தகம் வெளியேற வேண்டும். முப்பத்தைந்தாம் வாரத்தில் சத்திரசிகிச்சை மூலம் மகள் பிறந்தாள். எடை 1.9 கிலோகிராம்.

எடை குறைந்த பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டிவைத்தனர். இதனைக் கங்காரு முறை என்பர். கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாமல் பிள்ளைகள் மாண்ட ஒரு வைத்தியசாலையில், 1978இல் தொடங்கியது இது. செல்வந்த நாடுகளும் பின்னர் அதைப் பின்பற்றின. வறியவர்களின் கண்டுபிடிப்பு ஒன்று உலகுக்குப் பாடமானதை எண்ணிக்கொண்டே நாம் கிடந்தோம். தாய்க்கு முடியாதபோது தகப்பனும் கட்டிக்கொள்ளலாம். எமது துணைவர் சட்டையைக் கழற்றிப் பிள்ளையை வாங்கிக்கொண்டபோது, பக்கத்துக் கட்டிற் பெண்கள் சிரித்தார்கள். இரண்டு நாளில் இன்னும் இரு தகப்பன்மார் அப்படி இருந்தார்கள்.

எம்மைக் காத்தது எது? படுத்திருந்த நாட்களில் இதையே சிந்தித்தோம். மலேரியாக் கொள்ளை நோய் இத்தீவை வாட்டிய 1935ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த ஒவ்வொரு இலட்சம் பிள்ளைகளுக்கும் 2,650 தாய்மார் மாண்டனர். ஆயிரம் குழந்தைகளில் 263 முதலாண்டைக் காணவில்லை. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றதும், இடதுசாரிகளின் முதற் கட்சி உருவானதும் அக்காலத்திற்றான். இன்று இலட்சத்துக்கு ஏறத்தாழ முப்பது தாய்மாரே இறக்கின்றனர். இந்த மாற்றம் வானத்திலிருந்து விழுந்ததன்று. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பயிற்சி பெற்ற மருத்துவமாது ஒருத்திக்கு இன்ன எல்லை, அவ்வெல்லையிலுள்ள ஒவ்வொரு வீடும் அவள் பொறுப்பு என்ற ஏற்பாடு தீவெங்கும் படிப்படியாகப் பரவியது. இலவச வைத்தியமும் மலேரியா ஒழிப்பும் பெண் கல்வியும் அதனோடு சேர்ந்தன. செல்வம் பெருகிய பின்னரே உயிர் காக்கலாம் என்பாருக்கு, வறிய நாடாக இருந்தபோதே இலங்கை தந்த மறுமொழி அது. 2022இல் அரசின் கருவூலம் வெறுமையாயிற்று. 1973 முதல் தாய்மாருக்கு வழங்கப்பட்டு வந்த திரிபோஷ மாவும் அந்த நெருக்கடியில் தடைப்பட்டது. அப்போதும் ஒருத்தி சைக்கிளை உருட்டிக்கொண்டு எம் வாசலுக்கு வந்தாள். அந்த ஏற்பாட்டின் வலிமை எத்தகையது என்று அன்றே அறிந்தோம்.

ஆயினும் அந்த ஏற்பாட்டுக்கும் ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியாக விழுந்தவள் எமது மாணவி.

2024 மார்ச்சுத் திருவிழாவில், கோயில் முற்றத்து மணலில், "டீச்சர்" என்று ஒரு குரல். 2018இல் எமது வகுப்பில் இரண்டாம் வரிசையில் இருந்தவள். பெயரை இங்கே எழுதோம். பரீட்சைக்குப் பின் படிப்பை விட்டவள், இருபதாவது வயதில் மணம் முடித்திருந்தாள். கணவன் கடற்றொழிலாளி. தென்மேற்குப் பருவக்காற்றில் இக்கரைக் கடல் கொந்தளிக்கும்போது, இங்குள்ள குடும்பங்கள் பல கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும். 2023ஆம் ஆண்டு வாடைக்கு முன் அவளும் சூல் கொண்ட வயிற்றோடு முல்லைத்தீவுக் கரைக்குப் போயிருக்கிறாள். பதிவு அட்டை தலவிலை வீட்டுப் பெட்டியில். போன இடத்தில் யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியவில்லை. அட்டை இல்லாமற் போனால் ஏசுவார்கள் என்று பயம். முகம் வீங்கியது. தலை இடித்தது. வெயில் என்றார்கள். ஒரு விடியற்காலை கருவாட்டுப் பாயருகே வலிப்பு வந்து விழுந்தாள். அவள் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை.

மெழுகுதிரிக் கட்டு அவள் கையில் வெயிலுக்கு வளைந்துகொண்டிருந்தது. எமது இடுப்பிலிருந்த மகளின் கையைத் தொட்டுப் பார்த்தாள். எமக்கு நிகழ்ந்ததை நாமும் சொன்னோம். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"டீச்சர், நீங்க வாசிக்கச் சொன்ன பாடத்தில இது இருந்துச்சா?"

குற்றம் சுமத்தும் தொனி அதில் இல்லை. உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டாள். அதுதான் எம்மைக் கொன்றது. வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தோம். தலையிடி, வீக்கம் என்று எழுத்துக்கெழுத்து அதில் எல்லாம் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் கருவுற்ற தாயைப் பற்றி நாலு பேர் நடுவே வாய்திறந்து பேசலாம், கேட்கலாம் என்பதை அந்த ஒரு பாடவேளை அவளுக்குக் கற்பித்திருக்கும். ஏசுவார்கள் என்ற பயத்தை அது போக்கியிருக்கும். நாணம் என்ற பெயரில் நாம் அவளுக்குக் கற்பித்தது மௌனத்தை.

மேலைநாட்டு ஓவியர்கள் புனித அன்னம்மாளை வரையும்போது, பெரும்பாலும் ஓர் ஏட்டை விரித்துச் சிறுமி மரியாளுக்கு வாசிக்கக் கற்பிப்பவளாகவே வரைவர். பலமுறை கண்ட சித்திரந்தான். மகளுக்கு அறிவைக் கையளிக்கும் தாய் அவள் என்பது அன்றிரவே எமக்கு உறைத்தது.

அவ்வாண்டே பாடசாலை முடிந்தபின் வாரம் ஒரு மாலை வகுப்பு ஆரம்பித்தோம். மூத்த வகுப்பு மாணவியர். விரும்பினால் அவர்தம் தாய்மாரும் வரலாம். கற்பித்தவர் அதே மிஸ். நாம் அவர் தமிழுக்குத் துணை. சக ஆசிரியர் ஒருவர், "இதெல்லாம் பள்ளிக்கூடத்தில பேசுற பேச்சா?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் அவருடைய மனைவியும் வந்து உட்கார்ந்தார். (பையன்களுக்கும் வேண்டும் என்பதை நாம் பிந்தித்தான் உணர்ந்தோம். கூலர் வாகனத்தை ஓட்டியவன் பையன்தானே!)

மிஸ் சொன்னவற்றுட் சில இங்கே. மாதவிடாய் தப்பியதும், எட்டு வாரத்துக்குள் பதிந்துகொள்ள வேண்டும். போலிக் அமில மாத்திரையைக் கருவுறுமுன்னரே தொடங்குவது மேல். குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் தாய்க்குத் தெரியுமுன்பே உருவாகத் தொடங்கிவிடும். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது கடலிற் கல்லெறிவது போன்றது. தேயிலைச் சாயம் இரும்பை உடலிற் சேரவிடாது. பிளேன்ரீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேசிக்காய் நீரோ கொய்யாப் பழமோ அதற்கு நல்ல துணை. மாத்திரையால் மலம் கறுக்கும், அது தீங்கன்று. கறுத்ததைக் கண்டு பயந்து மாத்திரையைக் கிணற்றடியில் எறிந்தவர்கள் அந்த வகுப்பிலேயே நால்வர் இருந்தனர்! தலவிலைப் பெண்கள் பெருமீனை விற்றுவிட்டுச் சாளையும் சூடையும் நெத்தலியும் உண்பவர்கள். அது வறுமையால் வந்த வழக்கமாயினும் தாய்க்கு நன்மையே. சுறா போன்ற பெரிய மீன்களிற் பாதரசம் சேர்ந்திருக்கும், முள்ளோடு உண்ணும் சிறுமீனில் சுண்ணாம்புச் சத்து மிகும். பெற்றவளுக்குச் சுறாக்கறியே சிறந்தது என்ற ஆச்சிமாரோடு இதில் மட்டும் மிஸ் உடன்படவில்லை. உள்ளிக்கும் மிளகுச் சரக்குக்கும் அவர் தடை கூறவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடாது வைக்கும் பத்தியத்தை மாத்திரம் கண்டித்தார்.

எந்த மாதமாயினும் இரத்தம் கண்டால், பன்னீர்க்குடம் உடைந்தால், காய்ச்சல் வந்தால், தலையிடியும் கண் மின்னலும் வந்தால், வயிற்றுப் பிள்ளையின் துடிப்புக் குறைந்தால், நாளை என்று தள்ளக் கூடாது. அன்றே போக வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்சு இலவசமாக வரும். வேற்றூருக்குத் தொழிலுக்குப் போகும்போது அட்டையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். எந்த ஊர்ச் சிகிச்சை நிலையமும் அதைப் பார்க்கும். அட்டை தவறினாலும் வெறுங்கையோடு போகலாம். இதைச் சொல்லும்போது மிஸ் எம்மைப் பார்க்கவில்லை.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும். மஞ்சளாய்த் தடித்து வரும் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றுவது, பிள்ளையின் முதல் நோய்க்காப்பை மண்ணில் ஊற்றுவதாகும். முதல் நாள் குளிப்பாட்ட வேண்டியதில்லை. குளிர் பிள்ளையைக் கொல்லும். தொப்புளுக்குச் சாம்பலும் எண்ணெயும் ஆகா. உலர விட்டாற் போதும். தேனும் சீனித் தண்ணீரும் உரைத்த மருந்தும் ஆறு மாதத்துக்கு வேண்டா. தாய்ப்பால் ஒன்றே போதும். நித்திரைக்கு மல்லாத்திப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டா. கண்மையில் ஈயம் கலந்திருக்கக்கூடும், திருஷ்டிக்கென்றாலும் பூசாதீர்கள். மஞ்சட்காமாலைக்கு இளவெயில் மருந்தாகாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தால் வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்லுங்கள். பால் குடிக்க மறுக்கும் பிள்ளை, நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலும் மூச்சு வாங்கும் பிள்ளை, மூச்சிழுக்கையில் நெஞ்சு குழியும் பிள்ளை, காய்ச்சலில் கொதிக்கும் அல்லது சில்லிட்டுக் கிடக்கும் பிள்ளை - இவர்களுக்கும் நாளை கிடையாது. வயிற்றோட்டத்துக்கு ஜீவனியைக் கரைத்துக் கொடுங்கள்; பாலை நிறுத்தாதீர்கள். பெற்றவள் இரண்டு வாரம் கடந்தும் ஓயாது அழுதால், பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால், பேயுமில்லை, திமிருமில்லை. அதுவும் நோய், அதற்கும் மருந்துண்டு. இதனைக் கேட்ட ஒரு தாய் எழுந்து வெளியே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

புட்டிப் பாலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த மண்ணுக்கு அது தனி வழக்கு. தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தகாத பாலை விற்பதும் கொலைக்கு ஒப்பு என்று, சிசிலி வில்லியம்ஸ் என்ற வைத்தியர் 1939இல் சிங்கப்பூரில், வணிகப் பிரமுகர் கூடிய அவையிலேயே முழங்கினார். 1977இல் நெஸ்லே நிறுவனத்துக்கு எதிராக உலகளாவிய புறக்கணிப்புத் தொடங்கியது; 1981இல் உலக சுகாதாரத் தாபனம் பால்மா விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் கோவையை ஏற்றது. அவர்கள் சுட்டிய ஆபத்து அசுத்த நீர். நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் அது நீங்கும் என்று எல்லோரும் கற்பிக்கிறோம். கற்பிட்டி மணலில் அக்கல்வி பாதிதான் உண்மை. இங்கே வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மரக்கறிக்கும் கொட்டும் யூரியா, மணலில் தங்காது நேரே நிலத்தடி நீருக்கு இறங்கி நைத்திரேற்றாகிறது. குடாநாட்டின் பல கிணறுகளில் அதன் அளவு, உலக சுகாதாரத் தாபனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியதை ஆய்வாளர் கண்டுள்ளனர். கொதிக்கவைத்தால் கிருமி சாகும்; நைத்திரேற்றுச் சாகாது. நீர் ஆவியாக ஆவியாக அது செறியும். அந்நீரிற் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால், சில மாதக் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கலாம். அதே கிணற்று நீரைத் தாய் குடித்துப் பால் கொடுக்கும்போதோ, அவள் உடல் அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. உண்மையாகவே பால் கொடுக்க இயலாத தாய்மாரும் உண்டு. அவர்களைப் பழிப்பது கொடுமை. அவர்களுக்குக் குழாய் நீரோ சோதித்தறிந்த நீரோ கிடைக்கச் செய்வது, கிணற்றுச் சொந்தக்காரனின் வேலையன்று, அரசின் வேலை.

ஆறு மாதம் தாய்ப்பால் கொடு என்று சொல்லிவிட்டோம். கொடுப்பதற்கு அவளுக்கு ஆறு மாதம் உண்டா? தொழிலாளத் தாய்க்குப் பன்னிரண்டு வாரம் விடுமுறை வேண்டும் என்று சர்வதேசத் தொழில் மாநாடு 1919இலேயே தீர்மானித்தது. இலங்கையில் 1939இல் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்தது. எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் என்று 2018இல் அது திருத்தப்பட்டது. அரச ஆசிரியையான எமக்குச் சம்பளத்தோடு 84 வேலை நாள் கிடைத்தது. எமது வீட்டுக்கு நூறு அடி அப்பால், நாட்கூலிக்கு மீன் கிழித்து உப்பிடும் பெண்ணுக்கு எச்சட்டமும் ஒரு நாளும் தரவில்லை. இருபத்தெட்டாம் நாள் அவள் வாடியில் இருந்தாள். பிள்ளை பாட்டியிடம் ஏணையில் இருந்தது. பக்கத்திற் புட்டியும் இருந்தது. வகுப்பில் நாம் சொன்னதைக் கேட்டு அவள், "டீச்சர், பால் என்னட்ட இருக்கு, நேரந்தான் இல்ல" என்றாள். பீய்ச்சி வைத்த பால் வெளியில் நான்கு மணி நேரம் கெடாதிருக்கும் என்பதைத்தான் மிஸ் அவளுக்குச் சொல்ல முடிந்தது. இந்த வெக்கையில் அந்த நான்கு மணியும் ஐயமே. முதலாளியின் ஐஸ் பெட்டியில் மீனுக்கு இடம் உண்டு. ஒரு சிறு போத்தலுக்கு இடம் கேட்கும்படி நாம் தூண்டினோம். இரண்டு வாரம் பேச்சு நடந்தது. மற்றப் பெண்களும் சேர்ந்து கேட்ட பிறகே இடம் கிடைத்தது.

2025இன் தொடக்கத்தில் மாணவி மறுபடி வந்தாள். இம்முறை கோயிலுக்கல்ல, பாடசாலை வாசலுக்கு. ஏழு வாரம். முந்தைய பேற்றில் வலிப்புக் கண்டவள் என்பதால், பன்னிரண்டாம் வாரம் முதல் சிற்றளவு அஸ்பிரின் மாத்திரையும் கல்சியமும் கொடுக்க வைத்தியர் முடிவு செய்திருந்தார். தானாக வாங்கி விழுங்கக் கூடாது, அளவும் நாளும் வைத்தியர் சொன்னபடி என்று எமக்கே அவள் விளக்கினாள். அட்டையை மழைக்கு நனையாமல் பொலித்தீன் உறையில் இட்டு, கைப்பையின் உட்புறத்தில் வைத்திருந்தாள். மே மாதம் கிழக்குக் கரைக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் வாக்குவாதம்.

"போனாலும் அங்கத்தைய மிஸ்ஸோட போன் நம்பர் வாங்கிட்டேன் டீச்சர்" என்றாள். அன்று மாலை வகுப்பு இருந்தது. பின்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டாள்.